பழுது பார்க்க வேண்டிய பழைய வீடு: வாங்கலாமா, விடலாமா?

"மனை விலைக்கே வீடும் சேர்ந்து வருது சார், இதை விட்டா கிடைக்காது." பழைய வீட்டைக் காட்டும் தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம் இது. திருச்சி, மதுரை, கும்பகோணம் போன்ற ஊர்களின் பழைய தெருக்களிலும் சென்னையின் புறநகர்களிலும் ஐந்நூறு, அறுநூறு சதுர அடியில் இப்படி வீடுகள் விலைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒன்று, தாத்தா காலத்து ஓட்டு வீடாகவோ, மரச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடாகவோ இருக்கும். இல்லையென்றால் 1980, 90களில் கட்டிய கான்கிரீட் வீடு. புது அடுக்ககத்தின் விலை எட்டாத குடும்பத்துக்கு இது நல்ல வழிதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

முதல் முறையாக வீடு பார்க்கிறவர்களின் கண் தரைக்கும் பெயின்டுக்கும் சமையலறைக்கும்தான் போகும். அவை பணம் கொடுத்தால் மாறுகிற சமாச்சாரங்கள். பத்திரத்தில் உள்ள கோளாறு, தெருவைவிடத் தாழ்ந்துபோன தரை, அடியில் இருக்கும் மண், மனையின் அளவு, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஆகியவை லேசில் மாறாது. கூரை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: மாற்றலாம், ஆனால் அதன் செலவு மொத்தக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும். அதனால் மாறாதவற்றை முதலில் பாருங்கள். அதில் தேறாத வீட்டுக்கு டைல்ஸ் விலை விசாரிக்க வேண்டியதில்லை.

முதலில் காகிதம்

வீட்டை இரண்டாம் முறை போய்ப் பார்ப்பதற்கு முன்பே பத்திர நகல்களைக் கேளுங்கள். தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்றில் (அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். வில்லங்கம் 'இல்லை' என்று வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவு செய்யாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் ஆகிய எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. "அசல் எங்கேயோ வச்சிட்டோம், தேடி எடுத்துத் தர்றோம்" என்றால், தேடி எடுக்கும் வரை ஒரு ரூபாய் முன்பணம் தர வேண்டாம்.

பழைய வீடுகளில் பெரும்பாலான சிக்கல் வாரிசு விஷயத்தில்தான் வரும். அப்பா பெயரில் இருந்த வீட்டை இரண்டு மகன்கள் விற்பார்கள். கட்டிக்கொடுத்த அக்கா கோயம்புத்தூரில் இருப்பார். "அவளுக்கு அப்பவே நகை போட்டாச்சு" என்று பதில் வரும். நகை போட்டதற்கும் சொத்துரிமைக்கும் சம்பந்தமில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்தில் மகளுக்கு 1956-லிருந்தே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகனுக்கு இணையான உரிமையை 2005 திருத்தம் கொடுத்துவிட்டது. அந்த அக்கா கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் நீதிமன்ற அனுமதி கேட்கவேண்டி வரலாம். அதை வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

கோயில் ஊர்களில் இன்னொரு கேள்வி முக்கியம்: மண் யாருடையது? ஸ்ரீரங்கத்து அடிமனைப் பிரச்சினை பலருக்கும் தெரிந்திருக்கும். வீடு தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்திடம் இருக்கும், கீழே உள்ள மனை கோயிலுடையது என்று இருக்கும். அறநிலையத்துறையின் ஒப்புதல் இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959-ன் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி அந்த விற்பனை செல்லாது. வங்கியும் கடன் தராது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்தால் யார் பெயர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பட்டாவில் உள்ள அளவு, பத்திரத்தில் உள்ள அளவு, டேப் பிடித்துப் பார்க்கும் அளவு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். பழைய பத்திரங்களில் நான்கெல்லையை வரிக்கு வரி படிப்பது நல்லது. 'வடபுறச் சுவர் பொதுச்சுவர்', 'கொல்லைக்குப் போக மூன்றடி பாதை பாத்தியம்' என்கிற ஒரு வரிதான் நாளைக்கு மாடி எடுக்கும்போது தகராறாக வந்து நிற்கும்.

அடுத்தது தெரு, தண்ணீர், தரை மட்டம்

என்னைக் கேட்டால் பத்திரத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது வாசற்படி. தெருவில் நின்று பாருங்கள். வீட்டுக்குள் ஏறிப் போகிறோமா, இறங்கிப் போகிறோமா? பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் புதுச்சாலை போட்டதில், நம் ஊர்களில் பழைய வீடுகளின் தரை தெருவைவிட ஒன்று, ஒன்றரை அடி கீழே போய்விட்டது. கொத்தனாரின் தண்ணி டியூப்பை வைத்துத் தெரு நடு உயரத்துக்கும் கூடத்துத் தரைக்கும் மட்டம் பிடித்துவிடலாம், கால் மணி நேர வேலை.

"மண்ணடிச்சு ஒசத்திக்கலாம் சார்" என்பார்கள். உயர்த்தலாம். ஆனால் பத்தடி உயரக் கூடம் ஒன்றரை அடி உயர்ந்தால் எட்டரை அடியாகும், மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றும். ஆறே முக்கால் அடி வாசக்கால் ஐந்தேகால் அடியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் லிண்டலை உடைத்துத் தூக்க வேண்டும். ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வரும். கழிவறையின் மட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் மழை நாளில் பாதாள சாக்கடை நிரம்பும்போது கழிவு உங்கள் வீட்டுக்குள் திரும்பி வரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சின்ன ஓட்டு வீட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரை பதினொரு, பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும், அங்கே தரையை ஏற்றினாலும் தாங்கும். 80களின் கான்கிரீட் வீடுகளில்தான் கஷ்டம்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில் வாங்குவதாக இருந்தால் தடயங்களைத் தேட வேண்டும்: காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, இரும்புக் கதவின் அடியில் மட்டும் துரு, செங்கல் அடுக்கி உயர்த்திய பீரோ, தோளுயரத்துக்கு ஏற்றிவைத்த மோட்டார் சுவிட்ச். அப்புறம் தெருவில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். விற்கிறவரோ தரகரோ பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. "அக்கா, மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி நிக்குமா?" என்று குழாயடியில் கேட்டால், "நிக்காதுப்பா, நேரா உள்ள வந்துரும்" என்று ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடும். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி தண்ணீரா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியாத வீட்டுக் கதை அந்தத் தெருவில் இருக்காது.

கூரையும் சுவரும்

இங்கே ஒரு சிவில் இன்ஜினியருக்குச் சில ஆயிரம் கொடுத்துக் கூட்டிப் போவது லாபம். கொத்தனார் மட்டும் போதாது. அனுபவம் இருக்கும், ஆனால் வேலை கிடைக்கும் என்பதால் "எல்லாம் சரி பண்ணிரலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் அவர் பதில். இன்ஜினியரைக் கூப்பிடுமுன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

கான்கிரீட் வீட்டில் நேராகக் குளியலறைக்குப் போய் மேலே பாருங்கள், அடுத்தது சமையலறை, அடுத்தது ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம். ஈரம் படும் இந்த இடங்களில்தான் கம்பி முதலில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே மெல்லிய விரிசல் விழும், பிறகு காரை பெயர்ந்து பாளமாக விழும். ஒரு கோலால் கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் நல்ல இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். புதிதாக ஒரு அறையின் மேற்கூரைக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தாலோ ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தாலோ அங்கே கூடுதலாகத் தட்டுங்கள்.

ஓரிரு இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். தளர்ந்ததை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடலாம். வெறும் சிமென்ட் பூச்சு அடித்து மறைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது. கூரையில் பாதிக்குமேல் பொத்தென்று கேட்டாலோ, கம்பி மெலிந்து இற்றுப்போயிருந்தாலோ அது பழுது பார்க்கும் வீடு இல்லை. மனை விலைக்குப் பேசுங்கள், அதிலும் இடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு.

மெட்ராஸ் டெரஸ் வேறு ஜாதி. தேக்குச் சட்டங்களின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டிருப்பார்கள். நன்றாகப் பராமரித்தது நூறு வருடம் தாண்டியும் நிற்கும். இங்கே சட்டத்தின் நடுப்பகுதியைப் பார்த்து மயங்காதீர்கள், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்கும். ஏணி போட்டு ஏறி, முனையில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் ஈரமோ கரையானோ வேலையைக் காட்டிவிட்டது. ஓட்டு வீடு என்றால் கைமரம், ரீப்பர், உத்திரம் மூன்றையும் இதே மாதிரி சோதிக்கலாம். உடைந்த ஓடு பெரிய விஷயமில்லை. நாட்டு ஓட்டை வருடா வருடம் மழைக்கு முன் மாற்றிப் போட ஆள் கிடைப்பதுதான் இப்போது குதிரைக் கொம்பு.

சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், அதன்மேல் சிமென்ட் பூசச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுக் காய்ந்துவிடும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்போது ஈரம் இன்னும் மேலே ஏறும்.

விரிசல்களில் பூச்சில் மட்டும் தலைமுடி மாதிரி ஓடுபவை சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையில் படி இறங்குகிற மாதிரி போகும் விரிசல், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அகலம், சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது என்றால் அஸ்திவாரம் இறங்குகிறது. கரிசல் மண் உள்ள மதுரை, விருதுநகர், கோவைப் பகுதிகளில் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், விரிசலும் கூடவே திறந்து மூடும். மழைக்காலத்தில் பார்த்தால் அது அப்பாவியாகத் தெரியும். பழைய விரிசலா, இன்னும் நகர்கிறதா என்று அறிய இன்ஜினியர்கள் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டிவைப்பார்கள். சில மாதங்களில் சில்லு உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். வாங்கும் அவசரத்தில் அவ்வளவு காலம் எங்கே கிடைக்கப் போகிறது? அதனால் விரிசலில் தூசியும் பழைய பெயின்டும் படிந்திருக்கிறதா, உள்ளே புதிதாகச் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரம், குழாய் இரண்டையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் இரண்டும் முழுசாக மாற்றத்தான் வேண்டும் என்றே கணக்கு வையுங்கள். எர்த் இல்லாத வயரிங்கில் ஏசியும் கீசரும் போட்டுக் குழந்தைகளை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.

இப்போது பணம்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் கற்பனைதான், உங்கள் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். 600 சதுர அடி மனை, அதில் 450 சதுர அடி வீடு. விற்கிறவர் 30 லட்சம் கேட்கிறார். அந்தத் தெருவில் காலிமனை சதுர அடி 4,000 ரூபாய் போகிறது. அப்படியானால் மனை 24 லட்சம், பழைய கட்டடத்துக்கு உங்களிடம் கேட்பது 6 லட்சம்.

பத்திரச் செலவு: தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த விலை), பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மீது கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு 2.7 லட்சம். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்கள் பெயரில் பதிந்தால், ஏப்ரல் 2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. சின்ன ஊர்களில் வாங்குகிறவர்கள் இதை விட்டுவிட வேண்டாம்.

பழுது: கூரை 1.2 லட்சம், வயரிங் 90 ஆயிரம், குழாயும் கழிவறையும் 1.6 லட்சம், தரை 90 ஆயிரம், கதவு ஜன்னல் 60 ஆயிரம், பெயின்ட் 50 ஆயிரம். கூட்டினால் 5.7 லட்சம். பழைய வீட்டில் சுவரைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஆகவே கால் பங்கு கூட வையுங்கள், 7.1 லட்சம். வேலை முடியும் வரை இருக்கும் வீட்டின் வாடகை, வக்கீல், இன்ஜினியர் என்று 50 ஆயிரம். ஆக மொத்தம் 40.3 லட்சம்.

இதே தெருவில் காலிமனை வாங்கிப் புதிதாகக் கட்டினால்? மனை 24, பத்திரம் 2.16, சதுர அடிக்கு 2,500 வீதம் 450 சதுர அடி கட்ட 11.25. மொத்தம் 37.4 லட்சம்தான். அதாவது 30 லட்சத்துக்கு அந்தப் பழைய வீடு நஷ்டம். 26-க்குப் படிந்தால் மொத்தம் 36 லட்சத்துக்குள் முடிந்துவிடும், அப்போது யோசிக்கலாம். பேரத்தில் எனக்குத் தெரிந்து மிகவும் எடுபடுவது இன்ஜினியரின் எழுத்து மூலமான மதிப்பீடுதான். அதை எதிரே வைத்துப் பேசினால், "கொஞ்சம் பாத்துக் குறைங்க" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

காலிமனைதான் மேல் என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். பழைய தெருக்களில் காலிமனை கிடைப்பதே அரிது. இடித்துக் கட்டலாம் என்றால், வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்க அனுமதிக்கும் பகுதியாக இல்லாத பட்சத்தில், 2019-ன் கட்டட விதிகள்படி முன்னாலும் பக்கவாட்டிலும் இடம் விட வேண்டும். 600 சதுர அடி மனையில் அது பெரிய பங்கைத் தின்றுவிடும். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனைகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கலாம் என்றாலும், விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். இன்று இருக்கும் 450 சதுர அடியை இடித்தால் அதே 450 திரும்பக் கிடைக்காமல் போகலாம். பழைய வீட்டின் உண்மையான மதிப்பு சில இடங்களில் அதில்தான் இருக்கிறது.

கடன்தான் பலரைக் கவிழ்க்கும் இடம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். ஆனால் பழைய கட்டடம் என்றால் வங்கிகள் குறைத்தே தருகின்றன. அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பில்தான், நீங்கள் பேசிய விலையில் இல்லை. கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று அவர் எழுதுவதைப் பொறுத்துத் தவணைக் காலமும் சுருங்கும். அங்கீகரித்த வரைபடம் இல்லையென்றால் சில வங்கிகள் தொடவே தொடாது. மேலே சொன்ன வீட்டுக்கு மதிப்பீடு 27 லட்சம், அதில் 80 சதவீதம் கடன் என்று வைத்தால் 21.6 லட்சம். மீதி 8.4, பத்திரம், பழுது, இதர செலவு எல்லாம் உங்கள் கைப்பணம்: கிட்டத்தட்ட 19 லட்சம். '30 லட்ச ரூபாய் வீடு' என்று கிளம்பி, பழுதுக்குக் காசில்லாமல் அரைகுறை வீட்டில் குடியேறி, தவணையும் கட்டிக்கொண்டு, தனிநபர் கடனுக்கு அலைகிற குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன. பழுதுக்கான பணம் வங்கியில் தனியாக இல்லையென்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது

தூசியோடு குடித்தனம் நடத்துவது வீட்டில் இருக்கிறவர்களைப் பொறுத்தது. ஆஸ்துமா உள்ள குழந்தையோ, வயதான அம்மா அப்பாவோ இருந்தால் வேலை முடியும் வரை வாடகை வீட்டை விடாதீர்கள், அந்த வாடகையையும் செலவில் சேருங்கள். கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும் வீட்டில் இரவு நேரத்தில் பெரியவர்கள் எப்படிப் போவார்கள் என்று இப்போதே யோசிக்க வேண்டும். வேலையை நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது என்பதும் பெரிய கேள்வி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், தினமும் போய் நிற்கக்கூடிய மாமனாரோ சித்தப்பாவோ இல்லையென்றால், மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போய்விடுவார்.

சரி என்று முடிவெடுத்த பிறகு

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ரொக்கத்தைத் தவிர்த்து வங்கி வழியாகவே கொடுங்கள். எல்லா வாரிசும் கையெழுத்திடுவது, குடியிருப்பவரைக் காலி செய்து வீட்டை ஒப்படைப்பது, சொத்துவரி, தண்ணீர் வரி, மின்கட்டணப் பாக்கி யார் தலையில் என்பதெல்லாம் அதில் எழுத்தாக இருக்கட்டும். வாடகைக்காரர் உள்ளே இருக்கும்போது முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, "அவங்க மாசக் கடைசில போயிடுவாங்க" என்பதை நம்பாதீர்கள்.

பதிவு முடிந்ததும் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். வேலையை மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள்: கூரை, விரிசல், பிறகு சுவருக்குள் போகும் குழாயும் வயரிங்கும், கடைசியாகத் தரையும் பெயின்டும். பொதுச்சுவர் இருந்தால், ஆள் சுத்தியலைத் தூக்குமுன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அவர் முன்னாலேயே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.